டைமிங் பெல்ட்

ஜெலுத்தோங் கார்முற்றத்தில் மழை விட்டிருந்தது.
வெள்ளைக் காடியின் முதுகைத் தட்டி
"ஒரே ஓனர், டீச்சர் ஓட்டினது" என்றார் தியோ
அருமைராஜிடம்.
கேள்வி கேட்டவள் நான்.

மறுபடி கேட்டேன்:
உள்ளே இருப்பது சங்கிலியா, பெல்ட்டா?
பெல்ட் என்றால்
அது அறுந்த நொடியில்
வால்வும் பிஸ்டனும் மோதுமா, மோதாதா?

தியோ முதன்முறையாக என் முகம் பார்த்தார்.
பிறகு வானம் பார்த்தார்.
"ஏர்கான் நல்ல சில்லு, மேடம்."

பட்டர்வொர்த்திலிருந்து பாலம் தாண்டி வந்தான் குணாளன்.
பார்த்துச் சொல்ல எண்பது வெள்ளி, டோல் தனி.
டார்ச்சைப் பல்லில் கடித்தபடி
பாதி உடம்பை பானட்டுக்குள் விட்டான்.
ஆயில் மூடியின் அடியை முகர்ந்தான்.
மேலுறையின் இரண்டு ஆணி கழற்றி
ஒற்றை விரலை உள்ளே நுழைத்தான்,
காய்ச்சல் பார்ப்பவன் போல.

"பெல்ட்டுதான் அக்கா. மோதற வகை.
ஒரே ரூமுக்கு ரெண்டு பேர்கிட்ட சாவி இருக்குன்னு வைங்க,
இவரு வெளிய வந்தாத்தான் அவரு உள்ள.
எடம் மிச்சம், எண்ணெய் மிச்சம், இழுவையும் நல்லா இருக்கும்.
பெல்ட்டு போச்சுன்னா
ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உள்ள நிப்பாங்க லா.
அப்புறம் எஞ்சினை கிலோவுக்குத்தான் போடணும்."

அருமைராஜ் டயரைப் பார்த்தான்.
நான் டயரின் நிழலைப் பார்த்தேன்.

சுங்கை நிபோங், பதினோராம் மாடி, ஓர் அறை.
அவனுக்குப் பகல், எனக்கு இரவு.
காலை ஏழரைக்கு லிஃப்ட் திறக்கும்,
அவன் இறங்குவான், நான் ஏறுவேன்,
சில நாள் கையசைப்போம்,
சில நாள் அவன் போனில் இருப்பான்.
நான் படுக்கும்போது
தலையணையில் அவன் சூடு மிச்சம் இருக்கும்.
ஃப்ரிட்ஜ் கதவில் துண்டுச்சீட்டு:
ரசம் அடித்தட்டில். கேஸ் மாத்தியாச்சு.
அம்மா கூப்பிட்டாங்க, உன் அம்மா.

ஹரிராயாவுக்கு மூன்று நாள் லீவு
இருவருக்கும் சேர்ந்தாற்போல் வந்தது.
மூன்றாம் நாள் ஒரு பிளாஸ்க் உடைந்தது.
யார் கையில் என்று
இன்னும் பேசவில்லை.

அடுத்த மாதத்தோடு கம்பெனி பஸ் நின்றுபோகிறது.
அதற்குத்தான் இந்தக் காடி.

மீட்டரில் ஒரு லட்சத்து எட்டாயிரம் கிலோமீட்டர்.
கதவிடுக்கில் பட்டறை ஸ்டிக்கர்,
தேதியில் ஓர் எட்டு மட்டும் அழியாமல்.
"டீச்சர் பெல்ட் மாத்திட்டாங்க" என்றார் தியோ.
பில் எங்கே?
"டீச்சர்கிட்ட."
குணாளன் சிரித்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தான்.

பெல்ட், டென்ஷனர், அதோடு தண்ணீர் பம்ப்,
எழுநூறு வெள்ளி குறைத்தால் எடுக்கிறோம் என்றேன்.
ஐந்நூறில் நின்றது.
மனதுக்குள் ஒரு கணக்கு:
புது பெல்ட் தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் தாங்கும்,
எங்கள் பாஸில் பதினான்கு மாதம்.
நாங்கள் போன பின்னும் அது சுற்றிக்கொண்டிருக்கும்.
இதே முற்றத்தில் இதே தியோ
வேறு யாரிடமாவது சொல்வார்,
ஒரே ஓனர், என்ஜினியர் ஓட்டினது.

"மோதாத வகை இல்லியா தம்பி?"
அருமைராஜ் கேட்டான், அன்று அவன் கேட்ட ஒரே கேள்வி.
"இருக்கு அண்ணே. என்ன, இழுவை கொஞ்சம் கம்மி."
அவன் தலையாட்டினான்.
எதற்கு என்று தெரியவில்லை.

சாவியை அவனிடம் கொடுத்தார் தியோ.
நான் பக்கத்து சீட்டில் ஏறினேன்.
அடுத்தவள் வாசம் அடித்தது, மரிக்கொழுந்து மாதிரி.
எஞ்சின் ஒரே தட்டில் பிடித்தது.
எதையோ தேடிய அவன் கை பட்டு
வைப்பர் ஓடத் தொடங்கியது,
மழை இல்லாத கண்ணாடியில்
கிறீச், கிறீச் என்று.
இரண்டு தண்டும் ஒன்றையொன்று தொடாமல்
போய் வந்தன.
எந்தப் பொத்தான் என்று
இருவருக்கும் தெரியவில்லை.
இருவரும் தேடினோம்.